27 அங்குல இடுப்புக்கு 90 அங்குலத் துணி: ப்ளீட்ஸ் வைக்கத் தொடங்குபவர்களுக்கு

27 அங்குல இடுப்புள்ள பாவாடைக்கு 90 அங்குலச் சுற்றளவில் துணி வேண்டும் என்று டெய்லர் சொன்னால், மீதியை அவரே வைத்துக்கொள்வாரோ என்றுதான் முதலில் தோன்றும். அப்படி ஒன்றும் இல்லை. அந்த இரண்டரை கெஜமும் உங்களிடமே திரும்பி வருகிறது. பாதிக்கு மேல் மடிப்புக்குள் போய் ஒளிந்துகொள்வதால் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். தெரியாமல் கிடக்கிற அந்தத் துணிதான் ப்ளீட்ஸின் மொத்த சூட்சுமம்.

ஒரு ப்ளீட் என்றால், துணியை ஓரிடத்தில் உள்ளே மடக்கி, அங்கிருந்து மறுபடி வெளியே திருப்பிக் கொண்டுவருவது. மேல்முனையை மட்டும் தைத்துப் பிடிக்கிறோம், கீழே திறந்து விடுகிறோம். மேலே சின்ன அளவு, கீழே பெரிய அளவு. வெட்டாமல், வேறு துண்டு சேர்க்காமல் ஒரே துணியில் இரண்டு அளவும் கிடைத்துவிடுகிறது.

கையால் செய்து பார்த்தால் சட்டென்று புரியும். 30 செ.மீ. நீளத்தில் ஒரு காகிதப் பட்டை எடுங்கள். 10 செ.மீ.யில் ஒரு கோடு, 14 செ.மீ.யில் ஒரு கோடு போடுங்கள். முதல் கோட்டில் மடக்கி, அந்த மடிப்பை இரண்டாவது கோட்டின் மேல் கொண்டுபோய் வையுங்கள். இப்போது பட்டையை அளந்தால் 26 செ.மீ.தான் இருக்கும். மடிப்பு உள்ளே போயிருக்கும் ஆழம் 2 செ.மீ., ஆனால் காணாமல் போனது 4 செ.மீ. உள்ளே போவதற்கு 2, திரும்பி வருவதற்கு 2. அந்த இடத்தைக் கிள்ளிப் பார்த்தால் மூன்று அடுக்கு கையில் படும்.

இதிலிருந்து வருவதுதான் இந்தத் தொழிலின் ஒரே கணக்கு. வேண்டிய துணி என்பது வெளியே தெரிய வேண்டிய அளவோடு, மடிப்பின் எண்ணிக்கையை ஆழத்தால் பெருக்கி, அதை இரண்டால் பெருக்கிக் கூட்டுவது. மடிப்புகள் இடைவெளி விடாமல் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்றால் சரியாக மூன்று மடங்கு துணி பிடிக்கும். இடைவெளி விட்டாலும் ஆழத்தைக் குறைத்தாலும் துணி குறையும். ஆனால் ஆழத்தை ரொம்பவும் குறைத்தால் நடக்கும்போது மடிப்பு திறந்து உடனே தீர்ந்துபோகும். ஒரு அங்குலத்துக்குக் கீழே போகிற ஆழத்தை, நடந்து திரிகிறவர்களின் பாவாடைக்கு நான் சொல்ல மாட்டேன்.

நீலகிரியில் இருப்பவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. கோத்தகிரியிலோ குன்னூரிலோ கடைவீதிக்குப் போய்வர வேண்டுமென்றாலே படி ஏறி இறங்க வேண்டும். சமதரையில் நடக்கிறபோது முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடையே வேண்டிய துணி ஒன்று. முழங்காலைத் தூக்கிப் படியில் வைக்கும்போது வேண்டியது வேறு. மடிப்பில்லாமல் நேராகத் தைத்த இறுக்கமான ஸ்கர்ட் அந்த இடத்தில் காலைப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் அப்படிப்பட்ட ஸ்கர்ட்டிலும் பின்பக்கம் கீழே ஒரே ஒரு மடிப்பாவது வைப்பார்கள், இல்லையென்றால் கீறல் விடுவார்கள். மடிப்பு வைத்த பாவாடையில் கால் தூக்கும்போது இரண்டு மூன்று மடிப்புகள் விரிகின்றன, காலை இறக்கியதும் தானாக மூடிக்கொள்கின்றன.

தேயிலைத் தோட்டத்தில் இலை பறிக்கிறவர்களைப் பாருங்கள். சேலைக்கு மேல் சட்டை, இடுப்பைச் சுற்றி ஈரம் படாமல் இருக்க பிளாஸ்டிக் தாளோ சாக்கோ. அத்தனைக்கும் அடியில் காலுக்கு இடம் கொடுப்பது சேலைக் கொசுவம்தான். ஐந்தரை மீட்டர் சேலை என்றால் 216 அங்குலம். இடுப்பைச் சுற்றி வருவதற்கும் முந்தானைக்கும் போக, கொசுவத்துக்கு ஏறக்குறைய 60 அங்குலம் மிஞ்சும் என்று வையுங்கள். கையகலத்தில், 5 அங்குலமாகப் பிடித்தால் ஒரு மடிப்புக்கு 10 அங்குலம் போகும். ஆக 6 மடிப்பு. ஒல்லியானவர்களுக்கு ஒன்றிரண்டு கூடும், பருத்தவர்களுக்குக் குறையும். தினமும் காலையில் கண்ணாடி முன்னால் இதே பெருக்கல் கணக்கை எல்லா வீட்டிலும் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். பின்கொசுவம் வைத்துக் கட்டினால் அந்தச் சேமிப்பு பின்னால் போய்விடும், குனிந்து வேலை செய்கிறவர்களுக்கு முன்பக்கம் தட்டையாக இருக்கும்.

எல்லா உடைக்கும் இந்தச் சேமிப்பு வேண்டும் என்பதில்லை. நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களின் பூத்துக்குளி தைக்காமல் போர்த்திக்கொள்வது. சிவப்பும் கறுப்புமாக நூல் வேலை செய்த கனமான வெள்ளைத் துணி. அந்த எம்பிராய்டரிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதில் உடம்பின் மேல் விழுகிற வளைவெல்லாம் கையால் இழுத்துப் போட்டது, வேண்டும்போது தளர்த்திக்கொள்ளலாம். படகர் ஊர்களில் மூத்த பெண்கள் உடுத்துகிற வெள்ளை முண்டும் துண்டும் இப்படித்தான். தைத்தோ செருகியோ நிறுத்திய உடைக்குத்தான் திறந்து மூட ஒரு ஏற்பாடு தேவைப்படுகிறது.

வகைகளுக்கு வருவோம். எல்லா மடிப்பும் ஒரே பக்கம் பார்த்துப் படுத்திருந்தால் அது சைடு ப்ளீட். பள்ளிக்கூட ஸ்கர்ட்டில் பெரும்பாலும் இதுதான். இரண்டு சைடு ப்ளீட்களை எதிரெதிர்த் திசையில் விலகிப் படுக்கவைத்தால் நடுவில் ஒரு பட்டை மேலே எழும்பித் தெரியும், அது பாக்ஸ் ப்ளீட். அதையே திருப்பிப் போட்டு இரண்டு மடிப்பும் ஒன்றையொன்று பார்த்து முட்டுகிற மாதிரி வைத்தால் உள் பாக்ஸ். வெளியே ஒரு கோடு மட்டும் தெரியும், நடக்கும்போது உள்ளேயிருக்கிற பட்டை எட்டிப்பார்க்கும். ஆர்மோனியத் துருத்தி போல மெல்லியதாக நெருக்கமாக நிற்பது அக்கார்டியன். இதை வீட்டில் கையால் வைக்க முயல வேண்டாம். அதற்கென்று இயந்திரம் வைத்திருப்பவர்களிடம் கொடுத்தால்தான் ஒழுங்காக வரும்.

பாக்ஸ் ப்ளீட்டை ஆண்கள் தினமும் முதுகில் சுமந்துகொண்டு போகிறார்கள், கவனிப்பதில்லை. முழுக்கைச் சட்டையின் பின்பக்கம், தோளுக்குக் கீழே குறுக்காக ஒரு தையல் ஓடும். அதற்கு நடுவில் தொங்குகிற ஒற்றை மடிப்பைப் பாருங்கள். இரண்டு கையையும் முன்னால் நீட்டி வண்டி ஓட்டும்போது முதுகுத் துணி இழுபடும் இல்லையா, அந்த நேரத்துக்கு வைத்திருப்பது அது. பேன்ட்டின் முன்பக்க மடிப்பு உட்காரும்போது திறக்கும். மணிக்கட்டுப் பட்டியில் இருக்கும் ஒன்றிரண்டு மடிப்பு, அகலமான கையை சின்னப் பட்டிக்குள் அடக்குகிறது.

ப்ளீட்ஸோடு குழப்பிக்கொள்கிற மூன்று சொந்தக்காரர்கள் உண்டு. சுருக்கு என்றால் அளவில்லாமல் நூலை இழுத்துக் கூட்டுவது. புசுபுசுவென்று நிற்கும், இடுப்பில் பருமன் காட்டும், தைக்க எளிது. டாட் என்றால் முக்கோணமாகப் பிடித்து ஒரு முனையில் ஒன்றுமில்லாமல் முடிப்பது. அது உடம்பின் வளைவுக்காக, ரவிக்கையில் இல்லாமல் நடக்காது. டக் என்பது மடித்து, முழு நீளத்துக்கும் தைத்து மூடிவிடுவது. அது திறக்காது.

திறக்காத டக் எதற்கு என்று கேட்டால், நம் பெண் குழந்தைகளின் பட்டுப் பாவாடையைக் காட்டுவேன். அடிப்பக்கம் உள்ளே இரண்டு மூன்று வரிசையாகக் குறுக்கே மடித்துத் தைத்திருப்பார்கள். பிள்ளை வளர வளர தீபாவளிக்கு ஒன்றாகப் பிரித்துவிட்டால் பாவாடை இறங்கும். ஒரு பாவாடை நாலைந்து வருஷம் ஓடும். அங்கேயும் துணியை உள்ளே ஒளித்துத்தான் வைக்கிறோம், காலடிக்குப் பதிலாக வயதுக்கு. பிரித்த இடத்தில் பழைய மடிப்புக் கோடு வெளுத்துத் தெரியும் என்பதால் சில அம்மாக்கள் அதன்மேல் ஒரு ஜரிகை ஓட்டிவிடுவார்கள்.

இப்போது உண்மையான பாவாடைக்கு வருவோம். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் தடுமாறும் இடம் இதுதான். மடிப்புக் கணக்கை இடுப்பை வைத்துப் போடக் கூடாது. சீட் அளவை, அதாவது இடுப்புக்குக் கீழே பின்பக்கம் பருத்திருக்கிற இடத்தின் சுற்றளவை வைத்துத்தான் போட வேண்டும். இடுப்புக்குச் சரியாக மடித்துவிட்டு அப்படியே கீழே விட்டால், சீட் வருகிற இடத்தில் மடிப்பெல்லாம் வாய் பிளந்து நிற்கும். உடுத்தாமல் தொங்கவிட்டால் அழகாக இருக்கும், உடுத்தினால் அசிங்கமாகிவிடும்.

இடுப்பு 27, சீட் தளர்ச்சியோடு சேர்த்து 36 என்று வைத்துக்கொள்வோம். 18 மடிப்பு வைப்பதாக முடிவு செய்தால் சீட்டில் ஒவ்வொன்றும் வெளியே 2 அங்குலம் தெரியும். ஆழம் ஒன்றரை அங்குலம் என்றால் உள்ளே 3 போகும். ஆக ஒரு மடிப்புக்கு 5 அங்குலம், 18-க்கு 90. தலைப்பில் சொன்ன 90 இதுதான். இனி இடுப்பில் 36-ஐ 27 ஆக்க வேண்டும், 9 அங்குலம் குறைய வேண்டும். 18 மடிப்புக்கும் பகிர்ந்தால் ஆளுக்கு அரை அங்குலம். அதாவது மேல்முனையில் ஒவ்வொரு மடிப்பையும் அரை அங்குலம் கூடுதலாக உள்ளே தள்ளி, சீட் வரும்போது அந்தக் கூடுதல் ஒன்றுமில்லாமல் ஆகிற மாதிரி சரித்துக்கொண்டு வர வேண்டும். மேலே தெரிவது ஒன்றரை, சீட்டில் தெரிவது இரண்டு, அதற்குக் கீழே நேர்க்கோடு. ஒவ்வொரு ப்ளீட்டும் தனக்குள் ஒரு சின்ன டாட்டையும் சுமக்கிறது என்று சொல்லலாம்.

குறி போடுவதில் சோம்பல் கூடாது. துணியின் உள்பக்கம், மேல் ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் சாக்பீஸால் 2, 3, 2, 3 என்று மாற்றி மாற்றிக் குறியுங்கள். ஒவ்வொரு அளவையும் முந்தைய குறியிலிருந்து எடுக்காமல், இஞ்ச் டேப்பை விரித்துப் போட்டு ஆரம்பத்திலிருந்தே படித்துக்கொண்டு போவது நல்லது. ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு நூல், அதாவது எட்டில் ஒரு பங்கு அங்குலம் தவறினால் 18 மடிப்பில் இரண்டேகால் அங்குலம் தவறிவிடும். இடுப்புப் பட்டி பொருந்தாமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்.

துணி எவ்வளவு வாங்குவது? துணியின் அகலம், அதாவது பன்னா, 58 அங்குலம் என்றால் 90 ஒரே பன்னாவில் அடங்காது, இரண்டு துண்டு வேண்டும். பாவாடை நீளம் 22, அடிமடிப்பு 2, மேலே 1, ஆக 25. இரண்டு துண்டுக்கு 50 அங்குலம், ஒன்றேகால் மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். ஒன்றரை மீட்டராக வாங்கினால் இடுப்புப் பட்டியும் ஒட்டில்லாமல் ஒரே துண்டாக வரும். இரண்டு துண்டையும் சேர்க்கிற தையல் ஒரு மடிப்பின் உள்முனையில் போய் விழுகிற மாதிரி தள்ளி வையுங்கள். வெளிப்பட்டையின் நடுவில் தையல் ஓடினால் எவ்வளவு அயர்ன் பண்ணினாலும் கண்ணை உறுத்தும்.

வெட்டும்போது மடிப்புக் கோடு பாவு நூலோடு, அதாவது துணியின் நீளவாக்கில் ஓடுகிற நூலோடு சேர்ந்து போக வேண்டும். நூல் கொஞ்சம் சாய்ந்தாலும் மடிப்பு நேராகத் தொங்காமல் ஒரு பக்கம் முறுக்கிக்கொள்ளும். கிராஸில், அதாவது நூலுக்குச் சாய்வாக வெட்டிய துணியில் கூரான ப்ளீட் நிற்கவே நிற்காது. அடிமடிப்பை முதலில் தைத்துவிட்டு அதன்பிறகு ப்ளீட் மடியுங்கள். மடித்தபிறகு அடியைத் தைக்கப் போனால் மூன்றடுக்கையும் மறுபடி கலைக்க வேண்டியிருக்கும்.

கட்டம் போட்ட துணி என்றால் இன்னொரு கேள்வி வரும். ஸ்காட்லாந்தில் ஆண்கள் உடுத்துகிற கட்டம் போட்ட மடிப்புப் பாவாடையான கில்ட்டைப் பார்த்தால் புரியும். பெரியவர்களுக்கு ஏறக்குறைய 8 கெஜம் கம்பளி பிடிக்கும், முன்பக்கம் தட்டை, மடிப்பெல்லாம் பின்னால். அதில் இரண்டு வழி உண்டு. மடித்தபிறகும் கட்டத்தின் வரிசை மாறாமல் முழுத் துணி மாதிரியே தெரியும்படி மடிக்கலாம். இல்லையென்றால் ஒவ்வொரு மடிப்பின் நடுவிலும் ஒரே கோடு வரும்படி மடிக்கலாம், அப்போது பின்பக்கம் கோடு போட்ட துணி போலத் தெரியும், நடக்கும்போது கட்டம் வெளியே வரும். இரண்டிலும் ஆழத்தை நாம் நினைத்தபடி வைக்க முடியாது, கட்டத்தின் அளவுதான் தீர்மானிக்கும். லவ்டேலில் 1858-இல் தொடங்கிய லாரன்ஸ் பள்ளி முதல் எத்தனையோ உறைவிடப் பள்ளிகள் உள்ள மலை இது. கட்டம் போட்ட ஸ்கர்ட் தைக்கச் சொல்லி யாராவது துணியோடு வந்தால் முதலில் கட்டத்தை அளந்துவிட்டு அதற்கப்புறம் இடுப்பை அளங்கள்.

மடிப்பு வைத்தாகிவிட்டது. அது நிற்குமா என்பது நூலைப் பொறுத்தது. இதில் மனிதர்கள் வெகுகாலமாக மல்லுக்கட்டியிருக்கிறார்கள். எகிப்தில் தர்கான் என்ற இடத்தில் கிடைத்த ஒரு லினன் சட்டைக்கு வயது 5,000 ஆண்டுக்கு மேல். தோளிலும் கையிலும் மெல்லிய சைடு ப்ளீட் இன்னும் தெரிகிறது. 1913 வாக்கில் தோண்டியெடுத்த அழுக்குத் துணிக் குவியலில் கிடந்ததை 1977-இல்தான் பிரித்துப் பார்த்தார்கள். வெனிஸில் மரியானோ ஃபார்ச்சூனி பட்டில் மெல்லிய மடிப்பு வைக்கும் முறைக்கு 1909-இல் காப்புரிமை வாங்கினார். அந்த அங்கி நனைந்தால் மடிப்பு போய்விடும், முறுக்கிச் சுருட்டிப் பெட்டியில் வைக்க வேண்டும். 1993-இல் ஜப்பானின் இசே மியாகே பாலியஸ்டரை எடுத்தார். உடையை இரண்டரை மூன்று மடங்கு பெரிதாகத் தைத்து முடித்துவிட்டு, அதற்கப்புறம் காகிதத்துக்கு நடுவில் வைத்து சூட்டில் அழுத்தி மடிப்பு ஏற்றினார். துவைத்தாலும் போகவில்லை.

காரணம் எளியது. பருத்தியிலும் லினனிலும் மடிப்பைப் பிடித்து நிறுத்துவது இழைக்குள் இருக்கிற மெல்லிய பிணைப்புகள். தண்ணீர் பட்டால் அவை விட்டுவிடும், காயும்போது எந்த வடிவத்தில் கிடக்கிறதோ அந்த வடிவத்தில் மறுபடி பிடித்துக்கொள்ளும். கம்பளிகூட, ஈரமும் சூடும் சேர்ந்தால் இளகும், ஆறினால் இறுகும். பாலியஸ்டர் வேறு ஜாதி. 70, 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் இளகி, ஆறியதும் கெட்டிப்படும்; பச்சைத் தண்ணீரில் எத்தனை முறை அலசினாலும் அந்தச் சூட்டுக்குப் போகாது என்பதால் மடிப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். சாதாரணக் காற்றில் 100 கிராம் பருத்தி ஏறக்குறைய 8 கிராம் ஈரத்தைக் குடித்து வைத்திருக்கும், பாலியஸ்டரில் அரை கிராம்கூட இருக்காது.

மலைக்காரர்களுக்கு இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் கோத்தகிரிப் பக்கம் பனிமூட்டமும் மழையும் விடாது. ஆனி, ஆடியில் கூடலூர்ப் பக்கம் அதே கதை. காலையில் கத்தி போல அயர்ன் பண்ணிய காட்டன் ஸ்கர்ட், மூட்டத்தில் நடந்து பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் தொங்கிப்போகும். இங்கே சீருடைக்குத் துணி எடுக்கிறவர்கள் டெரிகாட்டனையே எடுங்கள் என்பேன். பாலியஸ்டர் மூன்றில் இரண்டு பங்கு, பருத்தி ஒரு பங்கு கலந்தது போதும். முழுப் பருத்திதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், ஒவ்வொரு மடிப்பின் உள்முனையிலும் விளிம்பை ஒட்டி ஒரு தையல் ஓட்டிவிடுங்கள். வெளியே தெரியாது, துவைத்தபிறகு எங்கே மடிக்க வேண்டும் என்று துணியே சொல்லும்.

அயர்ன் பண்ணும் முறையில்தான் பாதி வேலை. மடிப்புகளை மேலிருந்து அடி வரைக்கும் நீளமான ஓட்டுத் தையலால் தற்காலிகமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். மேலே மெல்லிய ஈரத்துணி போட்டு, பெட்டியை இழுக்காமல் வைத்து அழுத்தி எடுத்து, அடுத்த இடத்தில் வையுங்கள். இழுத்தால் மேலடுக்கு நகரும். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், ஆவி கொஞ்சம் சூடு குறைந்ததாகத்தான் வரும். அதைப் பற்றிக் கவலை வேண்டாம், தேவையான சூட்டை இரும்புத் தட்டு கொடுத்துவிடும். கவனிக்க வேண்டியது ஆறவிடுவதை. சூட்டோடு எடுத்து மாட்டினால் இளகிய இழை தொங்குகிற வடிவத்தில் இறுகும். மேசையிலேயே கிடந்து முழுக்க ஆறி, ஈரம் போனபிறகு தூக்குங்கள்.

தூக்கியபிறகும் ஓட்டுத் தையலைப் பிரிக்க அவசரப்படாதீர்கள். இடுப்பிலிருந்து 4, 5 அங்குலம் வரை மடிப்பை நிரந்தரமாகத் தைத்து, பட்டி ஏற்றி, ஊக்கும் வைத்து முடித்தபிறகு உருவினால் போதும். முதல் சில துவைப்புக்கு முன்னால் அடிமுனையில் மட்டும் மடிப்புகளைச் சேர்த்து ஒரு ஓட்டுத் தையல் போட்டுக்கொள்ளுங்கள். பிழியாமல், பட்டியில் கிளிப் மாட்டி சொட்டச் சொட்டத் தொங்கவிட்டால் தண்ணீரின் கனமே மடிப்பை நேராக இழுத்து வைக்கும். முக்கால்வாசி காய்ந்ததும் அப்படியே அயர்ன் பண்ணிவிட்டு நூலை உருவிக்கொள்ளலாம்.